குவியலுக்குள் வெந்த கறி

மராகேஷில் பொதுக் குளியல் ஹம்மாம் ஒன்றுக்கு இருபத்தாறு வருஷம் அடுப்பெரித்தவன் பீஹி. ஒருநாள்கூட அவன் தணல் அணைந்ததில்லை. அந்தப் பெருமையைச் சுமந்துகொண்டுதான் லல்லா தாமு என்ற அம்மாளின் உரக் களத்தில் வேலைக்குச் சேர்ந்தான். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து ஊர் கொட்டிய வைக்கோல், ஆட்டுப் புழுக்கை, குடல் கழிவு எல்லாம் அங்கே ஆளுயரக் குவியலாக நீண்டு கிடந்தது. அதன் சூட்டைக் காப்பது அவன் பொறுப்பு.

சூடு என்றால் அவனுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? சாம்பல் போட்டு மூடினால்தான் தணல் மறுநாள்வரை நிற்கும். அதே கணக்கில் குவியலைத் தார்ப்பாயால் இறுக்கிப் போர்த்தி, ஓரமெல்லாம் ஈரமண் அப்பி, ஆவி வெளியேறாமல் அடைத்துவிட்டான்.

ஐந்தாம் நாள் தாமு வந்து நீளக் கம்பி வெப்பமானியைச் செருகினாள். முப்பத்தொன்றுதான் காட்டியது. அழுகல் நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“என்னண்ணே, பொணத்துக்குப் போத்துற மாதிரி போத்தி வச்சிருக்கீங்க?”

“சூடு வெளிய போயிருமேன்னுதான், லல்லா.”

“இது நெருப்பு இல்லண்ணே. கண்ணுக்குத் தெரியாத கோடி உசுரு உள்ள இருந்து திங்குது, மூச்சு விடுது. அந்தச் சூடு இது. மூச்ச அடச்சா எது பொழைக்கும்? வியாழக்கெழம ஆரஞ்சுத் தோட்டக்காரர் உரத்தப் பாத்து வாங்க வர்றாரு. அதுக்குள்ள அம்பத்தஞ்சு டிகிரி ஏறலேன்னா மொத்தமும் குப்பைமேட்டுக்குத்தான். சூடு பாக்க எனக்கும் வேற ஆள் வேணும்.”

அன்றே பீஹி தார்ப்பாயை உருவி எறிந்து, உலர்ந்த வைக்கோலைக் கலந்து, களத்து வேலையாள் ஜிலாலியோடு சேர்ந்து குவியல் முழுவதையும் புரட்டிப் போட்டான்.

“அடுப்பு ராசா, தீப்பெட்டி வேணுமா?” என்று ஜிலாலி வேறு வாரினான்.

“வாய மூடிட்டு மம்பட்டியப் போடுடா.”

புதன் காலையில் பீஹி ஒரு மண்ஜாடியோடு வந்தான். ஆட்டுக்கறி, உப்பிலிட்ட எலுமிச்சை, பூண்டு, சீரகம் போட்டு, வாயைக் காகிதத்தால் கட்டிய தஞ்சியா. ஹம்மாம் அடுப்பின் சுடுசாம்பலில் இப்படி எத்தனை வீட்டு ஜாடிகளைப் புதைத்து வேகவைத்து எடுத்திருப்பான்! வெப்பமானியை அவன் நம்பவில்லை; கறியை நம்பினான். குவியலின் நடுவில் குழி பறித்து ஜாடியை இறக்கினான்.

வியாழன் விடியலில் குவியலின் முதுகு நெடுக ஆவி எழுந்துகொண்டிருந்தது. குழிக்குள் கையை விட்டவன் “யா அல்லாஹ்!” என்று வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். சாக்கைச் சுற்றித்தான் ஜாடியை எடுக்க முடிந்தது. உள்ளே எலும்பைத் தொட்டதும் கறி தானாகக் கழன்று விழுந்தது.

இந்தச் சூட்டுக்காக இருபத்தாறு வருஷம் முதுகில் விறகு சுமந்தவன் அவன். இங்கே யாரும் பற்றவைக்கவில்லை, யாரும் ஊதவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதான். வெட்கப்படவும் தோன்றவில்லை.

தாமுவின் வெப்பமானி அறுபத்தெட்டு காட்டியது. அவள் ஒரு ரொட்டியைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள்.

தோட்டக்காரர் வந்தார். ரொட்டியைப் பிய்த்துக் கறியைத் தொட்டு வாயில் போட்டவர், “அடேயப்பா! எத்தன கட்டு வெறகுய்யா எரிச்சே?” என்று களமே அதிரக் கேட்டார்.

பீஹி குவியலைக் காட்டி உதட்டில் விரலை வைத்தான்.

“மெதுவாப் பேசுங்க, ஐயா. உள்ள சாப்பிட்டுட்டு இருக்காங்க.”