ரசீதுள்ள கிளை

நிலார் மரக்கிளையை எட்டிப் பிடித்ததும், "அம்மா, கையை எடு. மேலே கேமரா இருக்கு," என்றாள் சூ மோன்.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்சிகள் வந்து நிற்கும் இடத்தில் அந்த மரம் இருந்தது. எட்டாவது மாடியில் அவள் கணவர் ஸேயா கண்ணை மூடி இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. உயிர் போன இடத்தில் ஒரு கிளையை ஒடித்து, "வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்று கூப்பிட்டு, அதைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தால்தான் உயிர் பின்னாலேயே வரும். ஏழு நாள் வீட்டோடு இருக்கும். ஏழாம் நாள் பிக்குகளுக்குச் சோறு போட்டு வழியனுப்புவார்கள். கூப்பிட ஆள் இல்லாத உயிர் இறந்த இடத்திலேயே வண்ணத்துப்பூச்சி மாதிரி சுற்றிக்கொண்டு கிடக்கும். பர்மாவில், அவள் பிறந்த பியே பக்கத்தில், இதற்கெல்லாம் யாரும் யோசிக்க மாட்டார்கள். மரம் இருக்கும், ஒடிப்பார்கள். இது சிங்கப்பூர்.

"பொது இடத்து மரம்மா. இலை கிள்ளினாலே அபராதம். புதன்கிழமை நமக்கு என்ன இருக்குன்னு மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அதை மறக்க ஸேயா எங்கே விட்டார்? கப்பல் பட்டறையில் பதினோரு வருஷம் இயந்திரத்தோடு மல்லுக்கட்டி, இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் நிரந்தரவாசி ஆனார். நீல அட்டை கைக்கு வந்த அன்றே மனைவிக்கும் மகளுக்கும் தன் பொறுப்பில் விண்ணப்பம் போட்டார். போன மாதம் பதில் வந்தது. கொள்கை அளவில் சம்மதம். புதன்கிழமை காலை, பொறுப்பாளரான அவரையும் சேர்த்து மூவரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இன்று திங்கள். காலையில் பட்டறைக்குக் கிளம்பக் காலணி மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார்.

அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியாது. இப்போது கையில் இருக்கும் அனுமதி அட்டைகளும் அவர் பெயரில்தான் நின்றன. திரும்பிப் போகலாம் என்றால், அங்கே சூ மோன் வயசுப் பெண்களையும் பட்டாளத்துக்குக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். கூடப் படித்த ஒருத்தி எல்லை தாண்டி ஓடிப்போனாள், அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

நிலார் கையை இறக்கினாள். கேமராவுக்குப் பயந்து அல்ல. அவளுக்கு வேறொரு சந்தேகம் வந்துவிட்டது. இந்த மனுஷர் திருட்டுக் கிளைக்குப் பின்னால் வருவாரா?

வர மாட்டார். சத்தியமாக வர மாட்டார். ஆளே இல்லாத தெருவில் பச்சை விளக்குக்காகக் காத்து நின்று, மழையில் நனைந்து, பேருந்தை விட்டவர் அவர். பேரில் ஒரு சின்னக் கறை விழுந்தாலும் எல்லாம் போச்சு என்பார். சாக்லேட் வாங்கினாலும் ரசீதை மடித்துப் பர்ஸில் வைப்பார். அதைச் சொல்லிச் சொல்லியே அம்மாவும் மகளும் அவரைக் கேலி செய்வார்கள். வீட்டில் தும்முவதற்குக்கூட அனுமதி வாங்குவாரோ என்று சூ மோன் ஒருநாள் கேட்டதற்கு, "உனக்காகத்தாண்டி கழுதை" என்றார்.

"வா," என்று நிலார் மகளை இழுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக் கடைக்குப் போனாள். நோயாளிகளுக்குப் பழமும் பூவும் பொம்மையும் விற்கிற கடை. மூலையில் தொட்டியில் வளர்க்கிற குட்டி எலுமிச்சைச் செடி ஒன்று இருந்தது. வாங்கினாள். கடைக்காரப் பெண் ரசீது வேண்டுமா என்று கேட்டதற்கு, அவசியம் வேண்டும் என்றாள்.

எட்டாவது மாடியில் தாதி தொட்டியைப் பார்த்தாள், மண்ணைப் பார்த்தாள், பிறகு நிலாரின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு நிமிஷம் என்று சொல்லிவிட்டுத் திரையைத் தானே இழுத்து மூடினாள். ஸேயாவின் முகம் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதுபோல்தான் இருந்தது. காதோரம் பட்டறை எண்ணெய்ப் பிசுக்கு. எத்தனை குளித்தாலும் அது போனதே இல்லை. நிலார் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தாள், இன்றைக்கும் போகவில்லை. கட்டிலை ஒட்டி நின்று கிளையை ஒடித்தாள். எலுமிச்சை வாசனை எழுந்தது.

"ரசீது இருக்கு," என்றாள் அவரிடம். "வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

அழுதாள். சூ மோன் தொட்டியைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். படிக்கிற பெண், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் தொட்டியைக் கீழே வைக்கவில்லை.

திருப்பத்திலெல்லாம் உயிருக்கு வழி சொல்லிக்கொண்டே போக வேண்டும். "இது லிஃப்ட்ங்க, இறங்குது." "இப்ப இடதுபக்கம்." பேருந்தில் ஏறியதும் நிலார் தன் பயண அட்டையைத் தட்டினாள். பிறகு ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையைத் துழாவி, அவர் பர்ஸிலிருந்து அவருடைய அட்டையை எடுத்து அதையும் தட்டினாள்.

"அம்மா, என்ன பண்றே?"

"ஓசியில வருவாரா உங்கப்பா?"

சூ மோனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காலையிலிருந்து முதல் சிரிப்பு. அது பாதியிலேயே அழுகையாகி, வீடு வரும்வரை நிற்கவில்லை. பாலம் ஏறியபோது நிலார் அவரிடம் பாலம் என்றாள். எந்தப் பாலம் என்று அவர் நினைப்பாரோ என்று அவளுக்கு ஒரு யோசனை ஓடியது. பியேயில் ஐராவதி ஆற்றின் மேல் போகிற பாலமா? 'வீட்டுக்கு' என்றுதானே கூப்பிட்டாள், எந்த வீடு என்று சொல்லவில்லையே! நிரந்தரவாசி என்று அட்டை கொடுத்தார்கள், உயிருக்குமா கொடுத்தார்கள்? குனிந்து, கிளையிடம் அடுக்குமாடி புளோக் எண்ணையும் மாடியையும் தெளிவாகச் சொன்னாள். இறங்கும்போதும் அட்டையைத் தட்ட வேண்டும், ஆனால் இரண்டு கையிலும் சாமான். அவருடையதைத் தட்ட மறந்துவிட்டாள். பின்னால் வந்த சூ மோன்தான் அதைத் தட்டிவிட்டு இறங்கினாள்.

சாயங்காலம் ஊர்க்காரர்கள் துக்கம் கேட்க வந்தார்கள். கொறிக்க ஊறவைத்த தேயிலைக் கலவையும் சூரியகாந்தி விதையும் வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினார்கள். அவர்களில் போ சான் பட்டறையில் ஸேயாவோடு வேலை பார்த்தவர். ஊர்க்காரர்களில் யாருக்கு எந்த அனுமதி எப்போது முடிகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தகனம் புதன் மதியம் என்று அவர்தான் ஏற்பாடு செய்தார். காலையில் இந்த இருவரும் குடிவரவு அலுவலகம் போகப் போகிறார்கள் என்று கேட்டதும் விதையைக் கீழே வைத்தார்.

"போங்க தங்கச்சி, வேணாங்கல. ஆனா செத்துட்டார்னு மட்டும் சொல்லிடாதீங்க. ஆஸ்பத்திரியில இருக்கார்னு சொல்லி வேற தேதி வாங்குங்க. பிணவறையும் ஆஸ்பத்திரிதானே, பொய்யில்லையே."

சூ மோன் அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. வாய்விட்டுச் சொல்லக் கூசியிருந்தாள்.

"வேற தேதிக்கு மட்டும் எங்கேருந்து வருவார் அண்ணே?" என்றாள் நிலார். "அதுவுமில்லாம, கூடவே வரப்போறார். அவர் முன்னாடி நான் எப்படிப் பொய் சொல்றது?"

போ சான் அலமாரி மேல் தண்ணீர் டம்ளரில் இருந்த கிளையைப் பார்த்தார். அடியில் ரசீது மடித்து வைத்திருந்தது. விதையைத் திரும்ப எடுத்துக் கொறிக்க ஆரம்பித்தார்.

புதன்கிழமை மூவரும் கிளம்பினார்கள். நிலார் அப்படித்தான் சொன்னாள். கிளை துணிப்பைக்குள் இருந்தது, தலை மட்டும் வெளியே. இலைகள் வாடிவிட்டன, வாசனை போகவில்லை. அவருடைய பழக்கப்படி முன்கூட்டியே போய்ச் சேர்ந்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இளம்பெண் ஒருத்தி இருந்தாள். தாள்களைச் சரிபார்த்தாள், புகைப்படங்களை எடுத்துக்கொண்டாள், பொறுப்பாளர் எங்கே என்று கேட்டாள். சூ மோன் அம்மாவின் கையை மேஜைக்கு அடியில் பிடித்தாள்.

நிலார் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் திங்கள் காலை இறந்துவிட்டார். இன்று மதியம் தகனம். வரச் சொன்ன தேதி என்பதால் வந்தோம்.

அந்தப் பெண் கணினித் திரையைப் பார்த்தாள். பிறகு மெல்லிய குரலில் வருத்தம் தெரிவித்து, இதைத் தன்னால் முடிவு செய்ய முடியாது, மேலதிகாரி உள்ளே கூப்பிடுவார், உட்கார்ந்திருங்கள் என்றாள். முகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. தாள்களைத் திருப்பித் தரவில்லை என்பதை மட்டும் நிலார் கவனித்தாள். அது நல்லதா கெட்டதா என்று ஸேயா இருந்தால் சொல்லியிருப்பார்.

காத்திருக்கும் இடத்தில் கூட்டம். வரிசையில் மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன. நிலார் நடு நாற்காலியில் பையை வைத்தாள். இருவரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கோப்போடு ஒருவர் வந்து, நடு இருக்கையைக் காட்டி, உட்காரலாமா என்று கேட்டார். நிலார் பையை மடிக்கு எடுக்கப் போனாள்.

"ஆள் இருக்காங்க," என்றாள் சூ மோன் அவரிடம்.

அவர் பையைப் பார்த்தார், வாடிய இலைகளைப் பார்த்தார், ஒன்றும் புரியாமல் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

உள்ளறைக் கதவு திறந்து அவர்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். நிலார் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "எழுந்திருங்க, கூப்பிடறாங்க," என்று குனிந்து சொன்னாள். கதவு கனமான கதவு, தானாகச் சாத்திக்கொள்வது. சூ மோன் முன்னால் போய் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா உள்ளே போனாள். அதற்குப் பின்னும் இன்னொரு ஆள் நுழைகிற நேரம்வரை அவள் கதவைத் திறந்தே பிடித்திருந்தாள். பிறகு தானும் நுழைந்து, சத்தமில்லாமல் விட்டாள்.