மேசைக்காலடியில் ஒரு சாட்சி

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மூன்றாவது நடைமேடையில்..."

லொக்! லொக் லொக்!

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒலிப்பதிவாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். கொசு கொட்டாவி விட்டாலும் கண்டுபிடிப்பார் என்பதால் ஸ்டுடியோவில் அவருக்குப் பெயரே 'காது'.

"அக்கா, இது நாப்பத்தோராவது டேக். அந்த ரயில் ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்."

பன்னிரண்டு வருடமாக ரயில் நிலையங்களில் ஒலிப்பது அவள் குரல்தான். இந்த முறை முந்நூறு அறிவிப்புகள். ஆனால் இருமல் நிற்காவிட்டால் போட மேலிடம் இன்னொரு குரலையும் கேட்டு வைத்திருந்தது.

இரண்டு மாதமாக இதே வறட்டு இருமல். இருமல் டாக்டர் கொடுத்த மூன்று பாட்டில் மருந்து காலி. பூனை முடிதான் காரணம் என்ற எதிர்வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டுப் பூனையைத் தங்கை வீட்டுக்கு அனுப்பினாள். பூனை போனதுதான் மிச்சம்.

"எல்லாம் டென்ஷன்" என்றார் கணவர், வீட்டில்.

"நீங்க இப்படிச் சொல்றதுதான் எனக்கு டென்ஷன்!"

கத்திய வேகத்தில் மறுபடி இருமல். பேனா உருண்டு மேசைக்கடியில் ஓடியது. குனிந்தவள் கண்ணில், மேசைக்கால் அடியில் மடித்துச் செருகியிருந்த காகிதம் பட்டது. உருவினாள். மேசை ஒரு பக்கம் சாய்ந்தது.

அவளுடைய பிரஷர் மாத்திரைப் பெட்டியில் வந்த தாள். பக்க விளைவுகள், முதல் வரி: விடாத வறட்டு இருமல்.

"ஏங்க! இதை யாரு இங்க வெச்சது?"

"நான்தான். மேசை ஆடுது, பயிற்சி பண்ண முடியலைன்னு நீதானே கத்தின? நாலா மடிச்சேன், கச்சிதமா உக்காந்துச்சு."

"படிச்சீங்களா?"

"எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து. யாரு படிப்பா?"

மாத்திரை அட்டையைக் குப்பைக்கூடையில் வீசினாள். தாளின் கடைசி வரி கண்ணை உறுத்தியது: மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. பல்லைக் கடித்தபடி அட்டையைத் திரும்ப எடுத்தாள்.

மறுநாள், பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரம்மா தாளைப் பார்த்தார். "இருமலுக்கு வேற டாக்டர்கிட்ட போனீங்களே, இந்த மாத்திரையைப் பத்திச் சொன்னீங்களா?"

"அவர் கேக்கலை. நீங்களும் இருமல் வரும்னு சொல்லலையே?"

"சொல்லியிருக்கணும். என் தப்புதான்." அவர் நாற்காலியை நெருக்கிப் போட்டார். "மாத்திடலாம். உங்களுக்கு ஒத்துவர்ற மாதிரி ரெண்டு இருக்கு. ஒண்ணுல அடிக்கடி பாத்ரூம் போகணும். இன்னொண்ணுல சிலருக்குக் கால் வீங்கும். நீங்களே சொல்லுங்க."

"நாலு மணி நேரம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிக்கறவ நான். கால் வீங்கட்டும். மைக் காலைப் பாக்காது."

"வீங்கினா மறைக்காம வந்து சொல்லணும். இன்னொண்ணு, இருமல் அடங்க சில வாரம் ஆகும்."

வாரமா! வெளியே வந்ததும் 'காது'க்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினாள்.

"இதுக்கா அக்கா பூனையை விரட்டினீங்க?" என்றார் அவர். "மேலிடத்துல பேசி மூணு வாரம் டைம் வாங்கறேன். அதுக்கு மேல இன்னொரு குரல்தான்."

இருபத்தோராம் நாள். செருப்பைக் கழற்றிவிட்டு மைக் முன்னால் நின்றாள். பாதத்தில் வார் பதிந்த தடம். நாளைக்கே டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மூன்றாவது நடைமேடையில்..."

தொண்டையில் ஏதோ லேசாகக் கீறியது. 'காது' நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அவள் எச்சில் விழுங்கினாள்.

"...நின்றுகொண்டிருக்கும் ரயில், இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்."

'காது' மூச்சு விட்டார். "போகட்டும் அக்கா, ஒருவழியா அந்த ரயில் கிளம்பிடுச்சு. அடுத்தது, நாலாவது நடைமேடை."