நல்ல கேஸ்

ஈரல் மாற்றுச் சிகிச்சையில் டாக்டர்களுக்குச் சிறப்புப் பயிற்சியாம், பயிற்சி! அதை ஏரிக்கரை ஹோட்டலில்தான் நடத்த வேண்டுமா? கொடைக்கானல் அரசு ஆஸ்பத்திரி டாக்டர் சுகன்யாவுக்குக் காலையிலிருந்தே எரிச்சல். போதாக்குறைக்கு ஹால் முழுக்க கட்லெட் வாசனை.

நடுவில் ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு அதில் சாய்ந்திருந்தவள் பாண்டியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் வந்து, இங்கே காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். சாராயம் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. காமாலைக் கிருமி ஈரலைத் தின்றுவிட்டது. வயிறு நீர் கோத்துக் குடமாய் நின்றது. ஈரலை மாற்றினால்தான் பிழைப்பாள். "பயிற்சிக்குக் கூட்டிட்டு வாங்க, மாத்த முடியுமான்னு நானே பார்க்கிறேன்" என்று சென்னைப் பெரிய டாக்டர் சுவாமிநாதன் போனில் வாக்குக் கொடுத்திருந்தார். சுகன்யா அதை நம்பித்தான் அழைத்து வந்தாள்.

பார்த்தார்கள், நன்றாகவே பார்த்தார்கள். பாண்டியம்மாளின் கையையே எடுத்து அவள் வயிற்றின் நடுவில் நிறுத்தச் சொல்லிவிட்டு, நீர் அலையடிக்கிறதா என்று ஒருவர் மாற்றி ஒருவர் தட்டினார்கள். அத்தனையும் குளிரில் விறைத்த கைகள். ஒருத்தன் கட்லெட் தின்ற விரலைக் கோட்டில் துடைத்துக்கொண்டு வந்து அமுக்கினான். "எத்தனை வருஷமா குடிக்கிறே?" என்றான் இன்னொருத்தன். சீ! பாண்டியம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"நல்ல கேஸ்!" என்றார் சுவாமிநாதன். "புத்தகத்துல போட்ட மாதிரி இருக்கு, பாருங்க."

ஓரமாக நின்ற புருஷன் சோலைமுத்துவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "டாக்டரம்மா, பெரிய தொரையே நல்லதுன்னு சொல்லிப்புட்டாருங்களே! அப்ப ஈரலு மாத்திருவாங்கதானே?"

டாக்டர்கள் பாஷையில் நல்ல கேஸ் என்றால் நோய் நன்றாக முற்றியிருக்கிறது என்று அர்த்தம். இதை இந்த மனுஷனிடம் சுகன்யா எந்த வாயால் சொல்வாள்?

டீ குடிக்கக் கலைந்தபோது சுவாமிநாதனிடம் போனாள். "சார், அவங்களால மூச்சு விட முடியல. தண்ணியை எடுத்துடட்டுமா?"

"ஐயையோ, எடுத்துடாதீங்க! மத்தியானம் அடுத்த பேட்ச் வருது. தண்ணி போயிட்டா அவங்க எதைத் தட்டிப் பார்ப்பாங்க?"

"அப்ப ஈரல் மாத்துறது, சார்?"

"இதுக்கா?" பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி சிரித்தார். "மாத்துறதுக்கு ஆளா இல்ல? இது பாடம் நடத்தத்தாம்மா."

நனைந்த பிஸ்கட் அவர் வாய்க்குள் போவதையே சுகன்யா பார்த்தாள். இதெல்லாம் மனுஷ ஜென்மமா? உயிரைக் காப்பாற்றச் சொல்லிக்கொடுக்க வந்த லட்சணமா இது? தூ! அங்கே ஒரு நிமிஷம் நிற்கவும் அருவருப்பாக இருந்தது.

"அண்ணே, அக்காவை அந்தப் பக்கம் தாங்கிப் பிடிங்க. கெளம்புவோம்" என்றாள் சோலைமுத்துவிடம். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஜீப்பில் ஏற்றித் தன் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனாள்.

அங்கே ஊசி குத்தி, குழாய் வழியாக நீரை மெதுவாக வடியவிட்டாள். வயிறு தளரத் தளர பாண்டியம்மாளின் முகமும் தெளிந்தது. "இப்பத்தாம்மா மூச்சே வருது" என்றவள் அப்படியே அசந்து தூங்கிவிட்டாள்.

சுகன்யாவின் செல்போன் அலறியது. சுவாமிநாதன் போட்ட சத்தம் வார்டுக்கே கேட்டது. "அறிவிருக்கா உங்களுக்கு? இருந்த ஒரே நல்ல கேஸையும் கெடுத்துட்டீங்களே!"

சுகன்யா போனை வைத்தாள். சோலைமுத்து வெளிறிப்போய் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னங்க டாக்டரம்மா... கெட்டுப்போச்சுங்களா?"

"கெட்டது அவர் கேஸுதாண்ணே. அக்காவுக்கு ஒண்ணும் ஆகல. சென்னையில வேற டாக்டர் இருக்காங்க, நானே கூட்டிட்டுப் போறேன். மாத்த முடியுமான்னு கேட்டுத்தான் சொல்லணும், இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன்." தூங்குகிறவளின் போர்வையை இழுத்துவிட்டாள். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. இனி எவனாச்சும் அக்காவைப் பார்த்து நல்ல கேஸுன்னு சொன்னா, அந்த எடத்துல நிக்காதீங்க."