கட்டிலோரக் கல்யாணம்

வெள்ளைச் சட்டையின் முதுகை மகள் கத்தரியால் நடுவே வெட்டினாள். படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்குச் சட்டை போட வேறு வழியில்லை. நர்ஸ் வேலையில் கற்றது. முன்பக்கமாக அப்பாவின் கைகளை நுழைத்துப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள்.

"மாப்பிள்ளைக்குக் கிழிஞ்ச சட்டையா?" என்றார் அப்பா. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது.

"பேசாம இருங்கப்பா. இருக்கிற மூச்ச சம்மதம் சொல்றதுக்கு வச்சுக்குங்க."

அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. லிஃப்ட் மெக்கானிக்காக ஊரில் உள்ள கட்டடமெல்லாம் ஏறி இறங்கிய மனிதர். மாதா கோயில் படி மட்டும் ஏற மாட்டார். 'நாம நல்லாத்தானே வாழறோம், சாமியார் வந்து புதுசா என்னத்தச் சேர்த்து வைக்கப் போறார்' என்று முப்பது வருஷம் தட்டிக் கழித்தார். அந்த முப்பது வருஷமும் அம்மா ஞாயிறு தவறாமல் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பூசையில் எல்லோரும் நற்கருணை அப்பம் வாங்க எழுந்து போகும்போது அவள் மட்டும் முழங்காலை ஒதுக்கி வழிவிடுவாள். கோயிலில் கல்யாணம் ஆகாமல் குடும்பம் நடத்துபவளுக்கு அதை வாங்க அனுமதி இல்லை. சின்ன வயசில் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் மகளுக்கு வயிறு எரியும்.

நேற்றுதான் அப்பா தானாகவே, "சாமியாரக் கூப்பிடு. அவ ஆசைய முடிச்சிரலாம்" என்றார்.

சாமியார் வந்துவிட்டார். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும் என்ற முறையைக்கூட, சாகக் கிடப்பவர் என்று தள்ளி வைத்தாயிற்று. சாட்சிக்கு மகளும் மாடி வீட்டு டிரைவரும். எல்லாம் தயார், அம்மாவைத் தவிர. பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் கல்யாணத்துக்கு நிற்கக் கூடாதென்று, அவள் சாமியாரை அடுக்களைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தியிருந்தாள்.

"முப்பது வருஷத்துப் பாவம். அவ்வளவு சீக்கிரம் முடியுமா?" என்றார் டிரைவர். அப்பாவின் நகங்கள் நீலம் பாரித்திருந்தன. மகள் கதவைத் தட்டினாள்.

"அம்மா! மிச்சத்த அப்புறம் சொல்லிக்கலாம். வாம்மா!"

"இருடி. அரைகுறையா சொல்லக் கூடாது."

"கடவுளே, உனக்கு ஏம்மா இந்தப் பிடிவாதம்!"

அம்மா ஒருவழியாக வந்தாள். முகம் கழுவியிருந்தாள். கட்டிலருகே முழந்தாளிட்டாள். சாமியார் இருவரின் வலது கைகளையும் சேர்த்து வைத்தார்.

"ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. மோதிரமோ என் ஜெபமோ கல்யாணம் ஆகாது. நீங்க ரெண்டு பேரும் உயிரோட, வாய் திறந்து சொல்ற சம்மதம்தான் கல்யாணம். நான் வந்திருக்கிறது அதக் கேக்கறதுக்கு."

அப்பா சொல்லி முடித்தார். நின்று நின்று, கண்ணை மூடித் திறந்து சொன்னார். 'உன்னை என் மனைவியாக' என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார். மகள் அவருடைய இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். துடிப்பு நூலாக ஓடியது.

அம்மா தொடங்கினாள். "நான்..." நிறுத்திவிட்டு இருமினாள். "நான் உங்கள..." மறுபடி நின்றாள். டிரைவர் தண்ணீர் கொடுத்தார். ஒரு மடக்குக் குடித்தாள்.

மகளின் விரலடியில் துடிப்பு நின்றது. அழுத்திப் பார்த்தாள். இடம் மாற்றிப் பார்த்தாள். இல்லை. ஆஸ்பத்திரியில் எத்தனையோ கைகளில் இதைப் பார்த்தவள் அவள்.

அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். திடீரென்று அவள் குரல் தெளிந்தது. "நான் உங்கள என் கணவரா ஏத்துக்கறேன். இன்பத்திலயும் துன்பத்திலயும், சுகத்திலயும் நோயிலயும், என் உசுரு உள்ளவரைக்கும் உண்மையா இருப்பேன்." ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை.

சாமியார் குனிந்து அப்பாவைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"நீ நர்ஸ். சாட்சியும்கூட. உங்கம்மா சொல்லி முடிக்கிறப்போ உசுரு இருந்துச்சா?"

பொய் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது. சொல்லாமல் விட அதைவிடப் பயமாக இருந்தது. அம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"இருந்துச்சு, சாமி."

"நிச்சயமா?"

"இப்பதான் போச்சு."

சாமியார் மோதிரங்களை மந்திரித்துக் கொடுத்தார். அம்மா ஒன்றை அப்பாவின் விரலில் போட்டாள். வீங்கிய கணுவில் சிக்கியதைத் திருகித் திருகி உள்ளே தள்ளினாள். மற்றதைத் தானே போட்டுக்கொண்டாள். ஆசீர்வாதம் முடியும்வரை முழந்தாளில் அசையாமல் இருந்தாள். "ஆமென்" என்றாள்.

"இனி அழலாமா, சாமி?" என்று கேட்டாள்.