முதல் பக்கம்

"அந்த அட்டையையும் உள்ள வச்சிரு," என்றாள் அம்மா சிசிலி.

சவப்பெட்டியில் கிடந்த அப்பாவின் விரல்களில் சோனா ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மாதா படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியதை யாரோ கழற்றி நீட்டினார்கள். வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டங்களில் பூச்சிமருந்து அடிப்பவர்களின் ரத்தத்தில் ஏறும் நஞ்சைப் பற்றி அவள் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் பக்கம். அப்பா பவுல்ராஜ் அதை லேமினேட் செய்து வைத்திருந்தார். ஆங்கிலம் தெரியாது. மகள் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

அட்டையின் நடுவில் மடித்த தழும்பு.

"இது ஏம்மா மடிஞ்சிருக்கு?"

சிசிலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பாவோடு மருந்தடித்த நல்லமுத்துதான் பதில் சொன்னார்.

"வக்கீல்ட்ட கொண்டுபோனோம் தாயி. சட்டைக்குள்ள மடிச்சு வச்சிருந்தான். கேஸ் போட்டா தோட்டத்துக்காரங்க பயந்து வைத்தியத்துக்கு மதுர ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்கன்னு ஒரு ஆச. ஒத்தப் பக்கத்த வச்சு என்ன செய்ய, முழுசும் கொண்டான்னுட்டாரு. நெட்ல பாத்தா முதப்பக்கம் மட்டுந்தான் சும்மா தொறக்குது, மிச்சத்தப் பூட்டி வச்சுக் காசு கேக்குது. எங்க கையில ஊசி குத்தி ரத்தம் எடுக்கையில எந்தப் பூட்டும் இல்ல."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே மாமா."

"ஓணத்துக்கு வந்தப்பக் கேட்டானே."

கேட்டிருந்தார். முழுக் கட்டுரையை வெளியே கொடுத்தால் அதை வெளியிட்ட ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள் வழக்குப் போடுவார்கள் என்று பேராசிரியர் சொன்னதை அவள் அப்படியே திருப்பிச் சொல்லியிருந்தாள்.

"அதுக்கப்புறம் எங்களையும் கேக்க விடல. புள்ள வேலைக்கு வில்லங்கம் வந்துரும்னுட்டான்."

ஃபாதர் ஜெபத்தைத் தொடங்கினார். சோனா சுவரோரம் போய் நின்று, பல்கலைக்கழக நூலகருக்குப் போனிலேயே முதன்முறையாக எழுதிக் கேட்டாள். ஜெபம் முடியுமுன்னே பதில் வந்துவிட்டது. பத்திரிகை அச்சிட்ட பிரதியைத்தான் பகிரக்கூடாது. ஏற்கப்பட்டபின் நீங்கள் கடைசியாகத் திருத்திக் கொடுத்த பிரதியை நம் பல்கலைக்கழக இணையக் களஞ்சியத்தில் யாரும் படிக்க வைக்கலாம். இந்தப் பத்திரிகை அதை முதல் நாளிலிருந்தே அனுமதிக்கிறது. அனுப்புங்கள், இப்போதே ஏற்றிவிடுகிறேன்.

அனுப்பினாள். களஞ்சியத்திலிருந்து வந்த இணைப்பை நல்லமுத்துவுக்குத் தட்டிவிட்டாள்.

பெட்டியைச் சுற்றிப் பெண்கள் கடைசி முத்தத்துக்கு நெருக்கியடித்தார்கள். நல்லமுத்து கண்ணாடி இல்லாமல் போனைத் தள்ளிப் பிடித்து, கட்டைவிரலால் நகர்த்திக்கொண்டே போனார்.

"எல்லாம் தொறக்குதே தாயி."

"ஆமா மாமா."

"இது எப்பருந்து தொறக்குது?"

பெட்டியின் மூடியைத் தூக்கி வைத்தார்கள்.

மூடி சரியாக உட்காரவில்லை. அட்டையின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சோனா குனிந்து, ஒரு விரலால் அதை உள்ளே தள்ளினாள்.