உப்புக் கையும் மஞ்சள் மீட்டரும்

தேவகிக்குத் தாடை விண்விண்ணென்று தெறித்தது. விடிந்ததிலிருந்து ஏரியில் குந்தியபடியே நகர்ந்து, சேற்றைத் துழாவி இறால் பிடித்தவள். கை இரண்டும் சேற்றுக்குள் இருக்க, இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால்தான் கடித்துக்கொள்ள வேண்டும். பழவேற்காட்டு ஏரியில் கையால் இறால் பிடிக்கிற பெண்கள் எல்லோருக்கும் இதே வலிதான். வாயில் பறி இருந்தால் பேச்சுக்கு வழியில்லை. அதனால்தானோ என்னவோ, அவள் ஒரு பாடுகிற பெட்டியைச் செய்துவைத்திருந்தாள்.

சோப்பு டப்பாவுக்குள் ஒரு ஐ.சி., ஒரு குட்டி ஸ்பீக்கர், வெளியே இரண்டு ஆணி. ஆணிகளைத் தண்ணீரில் விட்டால் பாடும். நல்ல தண்ணீரில் வண்டு மாதிரி முனகும். உப்பு ஏற ஏறக் குரலும் ஏறும். சோறு போடுகிற சாமானில்லை. அவளுக்குக் கேட்கப் பிடிக்கும், அவ்வளவுதான். அந்தப் பெட்டி இப்போது ஊமையாகிக் கிடந்தது. நாளைக் காலை ஊரே கூடி, முகத்துவாரத்தை அடைத்துக் கிடக்கும் மணலை வெட்டப் போகிறது. வெயிலில் வற்றி, கடலையும் மிஞ்சி உப்பளமாய்க் கரிக்கும் ஏரிக்குள் கடல் நுழைந்தால்தான் உப்பே குறையும். அந்தக் குரல் இறங்குவதைக் கேட்காமல் விட்டால் இனி அடுத்த வருஷம்தான்.

பெட்டிக்குள் எந்த இடத்தில் செத்திருக்கிறது என்று பார்க்க மீட்டர் வேண்டும். இறாலை விற்ற கையோடு, கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் ஜமால் முகம்மதுவிடம் போனாள்.

"இன்னா பாய், மல்டிமீட்டர் இருக்குதா? ஏழைக்கேத்த எள்ளுருண்டையா ஒண்ணு காட்டு."

அவர் இரண்டை எடுத்துவைத்தார். மஞ்சள் ஒன்று, உள்ளங்கை அளவு. சிவப்பு ஒன்று, ரப்பர் சட்டை போட்டது.

"செவப்பு தானே அளவப் புடிச்சிக்கும். மஞ்சளுக்கு நீதான் சக்கரத்தத் திருப்பணும். செவப்பு ஒண்ணு வெலைக்கு மஞ்சள் மூணு வாங்கலாம்."

"மாப்ள கறுப்பா செவப்பான்றது அப்புறம். பொய் சொல்லுவானா, அதச் சொல்லு."

முந்தானை முடிச்சிலிருந்து ஒரு ரெசிஸ்டரை எடுத்தாள். பழுப்பு, கறுப்பு, மஞ்சள் வளையம். நூறு கிலோ ஓம் காட்ட வேண்டும். மஞ்சள் மீட்டரின் இரு முனைகளையும் ரெசிஸ்டரின் கால்களோடு சேர்த்து விரலால் இறுக்கிப் பிடித்தாள். இருபதைக்கூடத் தொடவில்லை.

"புளுகுணி."

சிவப்பை மாட்டினாள். அதுவும் அதையே சொன்னது.

"ரெண்டும் கூட்டுக் களவாணிங்க பாய்!"

"யா அல்லா, சரக்கே பேஜாரா?" ஜமால் பதறி, ரெசிஸ்டரை மேசையில் போட்டு முனைகளை வைத்தார். சுளையாய் நூறு. மறுபடி பார்த்தார், நூறுதான். அப்புறம்தான் அவர் கண் தேவகியின் விரல்களுக்குப் போனது. ரேகையெல்லாம் வெள்ளை பூத்து, நகக்கண்ணில் ஈரச் சேறு.

"ஏரியையே கைல தூக்கினு வந்துட்டு மீட்டரத் திட்றியேம்மா! ரெசிஸ்டர்ல கொஞ்சம், உன் உப்புக் கைல மிச்சம்னு கரண்டு ஓடிகிது, மீட்டரு ரெண்டையும் சேத்து அளந்துகிது. முனையத் தொடாம புடி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, தாடை விடவில்லை. "என் உப்ப ரெண்டும் ஒரே மாதிரிதான சொல்லுச்சி? அப்ப எனக்கு மஞ்சளே போதும்."

"வூட்டுக் கரண்டுல மட்டும் குத்திடாத. பேட்டரியோட நிறுத்திக்க."

முடிச்சில் இருந்த காசு மீட்டருக்கே சரியாய்ப் போனது. பெட்டிக்குப் புதுப் பேட்டரியும் வேண்டும்.

"பேட்டரிக்கு நாளைக்கு அரைக் கிலோ இறால் தரேன் பாய்."

"பெர்சா பாத்துக் குடு" என்று எடுத்துத் தந்தார்.

ஷேர் ஆட்டோ நிரம்பும்வரை ஒல்லாந்தர் புதைந்த டச்சுக் கல்லறை மதிலோரம் உட்கார்ந்தவள் அப்படியே அசந்துபோனாள். வாசல் கல்லில் செதுக்கியிருந்த எலும்புக்கூடு மெள்ள இறங்கி வந்து எதிரே குந்தியது. "எனக்கும் பாரேன்" என்று இரண்டு கையையும் நீட்டியது. ஒல்லாந்தன் தமிழ்தான் பேசினான். இத்தனை காலம் இங்கேயே கிடந்தால் வராதா? முனைகளை விரலெலும்பில் வைத்தாள். ஓரத்தில் ஒற்றை '1' மட்டும் நின்றது. கரண்ட் போக வழியே இல்லையென்றால் மஞ்சள் மீட்டர் அப்படித்தான் காட்டும்.

"காஞ்சிட்டியே நைனா. போய் ஏரில கைய நனைச்சினு வா" என்றாள்.

அவன் எழுந்து, வெள்ளையாய் மினுங்கும் தண்ணீரைப் பார்த்து, வலையை மறந்து வந்தவன்போல் அவசரமாய் நடந்தான். ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.

வீட்டில் கையைத் தேய்த்துக் கழுவித் துடைத்துக்கொண்டு பெட்டியைப் பிரித்தாள். ஆணிக்குப் போகும் ஒயரில் அதே '1'. மேல்தோல் புதுசாய்ப் பளபளக்க, உள்ளே செம்பை உப்பு பச்சையாய்த் தின்றிருந்தது. வேறு ஒயரும் புதுப் பேட்டரியும் போட்டாள்.

மறுநாள் மண்வெட்டிகளின் சத்தத்துக்கு இப்பால், முழங்கால் தண்ணீரில் நின்று ஆணிகளை விட்டாள். பெட்டி கீச்சென்று வீறிட்டது. மணல் உடைந்து கடல் உள்ளே நாக்கை நீட்டியது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு காலில் குளிர்ச்சி தட்டியது. குரல் ஓர் இழை இறங்கியது, இன்னும் ஓர் இழை, அழுது ஓய்ந்த குழந்தை தூக்கத்துக்குள் சரிவதுபோல.

கூட இறால் பிடிக்கிற ராஜம்மா வாயிலிருந்து பறியை எடுத்தாள். "இன்னாடி, இறாலுக்கு வந்தியா கச்சேரிக்கு வந்தியா?"

"கச்சேரிக்குத்தான்" என்றாள் தேவகி. தாடை வலிக்கவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தும் அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. தோளில் பறி காய்ந்து கிடந்தது. ஜமால் பாய்க்குத் தரவேண்டிய அரைக் கிலோ இறால் பாக்கி.