பள்ளிக்கூடத்து வயசு

பாடைக்குப் பச்சை ஓலை முடைவதற்குள் பணப்பேச்சு வந்துவிட்டது. இந்தக் காலத்து ஜனங்களுக்குப் பிணத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் வாயை மூடி நிற்கத் தெரியவில்லை என்று முனகிக்கொண்டே மூங்கிலை இறுக்கினார் ஆதிமூலம். உள்ளே கிடந்தது அவருடைய ஒரே மகன் தருமன். சர்க்கார் ரோட்டுக்குத் தார் காய்ச்சியவன்; காமாலை முற்றி விடிகாலையில் போய்விட்டான்.

மகனின் மேஸ்திரி ராமகிருஷ்ணன் பக்கத்தில் வந்து குந்தினார்.

"பெரியவரே, உங்க பேத்திக்கு கவர்மெண்டுல மாசாமாசம் பணம் வரும். பதினாறு வயசு வரைக்கும் சும்மாவே தருவாங்க. தாண்டிட்டா, பள்ளிக்கூடத்துல பேர் இருந்தாத்தான்."

"கன்னியம்மாளுக்குப் பதினஞ்சே ஆவலியே."

"பள்ளிக்கூடத்துக் கணக்குல பதினாறு முடிஞ்சிடுச்சே."

மருமகள் கஸ்தூரி அழுகையை விட்டு நிமிர்ந்தாள்.

"உங்க மவன் பண்ணது மாமா. சேக்கும்போது, கை தலைய சுத்தி காதைத் தொடணும்னாங்க. எட்டல. இவரு புள்ள தலைய லேசா சாய்ச்சுப் புடிச்சாரு. மூணரை வயசுப் புள்ளைக்கு வாத்தியாரும் அஞ்சுனு போட்டுட்டாரு. வூட்டுக்கு வந்து எத்தினி சிரிப்பு சிரிச்சாரு!"

"அப்பனைப் பாத்துக்கினு பொண்ணு ரொம்ப நாளா போவல," என்றார் ராமகிருஷ்ணன். "நாளைக்கும் வரலன்னா பேர அடிச்சிடுவாங்களாம்."

"நாளைக்குப் பால் தெளிக்கணும்யா! அப்பன் எலும்பு ஆறல, பொண்ணு ஜடை போட்டுக்கினு ஸ்கூலுக்கா? ஊரு காறித் துப்பும். உசுரோட இருக்கச்சொல்ல ஒழுங்கா கூலி தராத கவர்மெண்டா செத்தப்புறம் தரப்போவுது?" என்றார் ஆதிமூலம்.

ராமகிருஷ்ணன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

மறுநாள் பால்சொம்போடு ஆதிமூலம் கிளம்பியபோது, கன்னியம்மாள் ஈரத்தலையும் பையுமாக வாசலில் நின்றாள். நெற்றியில் பொட்டில்லை.

"நான்தான் போவச் சொன்னேன்," என்றாள் கஸ்தூரி, கதவுக்குப் பின்னாலிருந்து. "யாராவது கேட்டா என்னைக் கேக்கட்டும் மாமா."

"பணம் வராது பாரு."

"வரலன்னா போவுது. பேராவது இருக்கட்டும்."

சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. கன்னியம்மாள் சொல்லாமலே இறங்கினாள். செங்கம் ரோடு வரை இருவருக்கும் ஒரே வழி. பஸ் ஒன்று ஒட்டி வந்தபோது அவர் அவள் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தார். பஸ் போன பிறகும் சற்று நேரம் விடவில்லை.

"எல்லாம் ஏமாத்து வேல. ஒரு தம்பிடி தர மாட்டானுங்க," என்றார்.

அவள் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பினாள். அவர் புழுதி விழாமல் சொம்பின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு சுடுகாட்டை நோக்கி நடந்தார்.